வைக்கோல் கலர்ல கெடக்குற லானை அவசரப்பட்டு வெட்டி எடுத்துடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட ஞாயித்துக்கிழமை இணைப்புல வர்ற தோட்டப் பக்கத்தை ஒரு வாரம் கூட விடாம படிக்கிற வாசகன் நான். போன வாரம் அதுல ஓரமா நாலு வரியில ஒரு குறிப்பு போட்டிருந்தீங்க. குளிர் முடிஞ்சும் புல்தரை வைக்கோல் மாதிரி இருந்தா அது பட்டுப்போச்சுன்னு எடுத்துக்கலாம், கிளறிப் போட்டுட்டு புதுசா போடுங்க, இல்லன்னா யூரியா தூவி தண்ணியை நல்லா விடுங்கன்னு இருந்துச்சு. படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க, ஏன்னா ரெண்டு வருஷம் முன்னாடி அதே பேச்சைக் கேட்டு ஒரு நல்ல லானை நானே என் கையால கொன்னுருக்கேன், இன்னொருத்தர் அதைச் செய்யக் கூடாதுன்னுதான் இதை எழுத உக்காந்தேன்.

என்னோடது பெர்முடா, அதாங்க நம்ம அருகம்புல் ஜாதிதான். அந்த வருஷம் குளிர் கொஞ்சம் கடுமை. குளிர் போனப்புறம் பாத்தா தரை முழுக்க ஒரே காவி, ஒரு பொட்டுப் பச்சை கிடையாது. லான் வேலை பாக்குற ஒருத்தர் வந்து கால்ல ரெண்டு தேய் தேய்ச்சுப் பாத்துட்டு போயிடுச்சுங்க, எடுத்துடலாம்னு சொன்னார். நானும் சரின்னுட்டேன். ரெண்டு நாள்ல வெட்டிச் சுருட்டி பின்னாடி சுவத்து ஓரமா குவிச்சுட்டாங்க, புதுப் பத்தையும், அதாங்க மண்ணோட வெட்டிக் கொண்டு வர்ற புல் பாளம், வந்து இறங்கிடுச்சு. சரியா மூணு வாரம் கழிச்சு அந்தக் குவியலை அப்புறப்படுத்தலாம்னு மேல ஒரு பாளத்தைத் தூக்குறேன், அடியில வெள்ளை வெள்ளையா முளை, தலைகீழா கெடந்தும் வெளிச்சம் வர்ற பக்கமா வளைஞ்சு வந்து ஊசி ஊசியா பச்சை விட்டிருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, குவியல் பூரா அப்படித்தான். கொஞ்ச நேரம் அதைக் கையில வச்சுக்கிட்டே நின்னேங்க. ஆல் போல் தழைச்சு அருகு போல் வேரோடின்னு வாழ்த்துறமே, அந்த அருகைத்தான் செத்துப்போச்சுன்னு நான் வெட்டித் தூக்கிப் போட்டிருக்கேன்.

அதுக்கப்புறம்தான் இதைப் பத்தி தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், பாத்தும் பழகினேன். தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

பெர்முடா, ஜொய்சியா, செயின்ட் அகஸ்டின், சென்டிபீட் இதெல்லாம் வெயில் காலத்துப் புல்லு. மண்ணோட சூடு 10 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கிச்சுன்னா இதுங்க வளர்ச்சியை நிறுத்திட்டு தூங்கப் போயிடும், இலையில இருக்கிற பச்சையம் போயி காவி கலருக்கு வந்துடும். மேல இருக்கிற இலைதான் காயுது, கீழ இலையும் வேரும் சேர்ற அடிக்குருத்து, தரை மேல ஓடுற ஓடுதண்டு, மண்ணுக்குள்ள ஓடுற தண்டு இதெல்லாம் உயிரோடதான் இருக்கும். திரும்ப முழிக்கணும்னா நாலு இன்ச் ஆழத்துல மண்ணு சுமாரா 18 டிகிரிக்கு வந்து அப்படியே சில நாள் நிக்கணும். வெளிய காத்துல வெயில் அடிச்சா மனுஷனுக்குச் சூடாத் தெரியும், மண்ணு அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. அதனால பக்கத்து வீட்டு லான் பச்சையாயிடுச்சு நம்மளோடது ஆகலையேன்னு பதறவே வேண்டாம், அவங்க வீட்டுல வெயில் நேரா விழும், நம்ம வீட்டுல சுவத்து நிழல் விழும், அதுலயே ரெண்டு மூணு வாரம் முன்ன பின்ன ஆகும். ஜாதியும் வேற வேறயா இருக்கலாம்.

சரி, உயிர் இருக்கா இல்லையான்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது? கால்ல தேய்ச்சுப் பாத்தெல்லாம் தெரியாதுங்க, குனிஞ்சு உக்காந்துதான் பாக்கணும். ஒரு இடத்துல புல்லை விரலால விலக்கிட்டு ஓடுதண்டு ஒண்ணைப் பிடிச்சு லேசா இழுத்துப் பாருங்க. கெட்டியா மண்ணைப் பிடிச்சுக்கிட்டு வர மாட்டேன்னா நல்ல சகுனம், தொட்டதும் நூல் மாதிரி கையோட வந்துடுச்சுன்னா சந்தேகப்படணும். அப்புறம் ஒரு பிளேடு எடுத்து அந்தத் தண்டைக் கணுவுக்குப் பக்கத்துல குறுக்கே வெட்டிப் பாருங்க, மண்ணை ஒட்டி இருக்கிற அடிக்குருத்தையும் நெடுக்கா பிளந்து பாருங்க. உள்ள வெள்ளையா, இல்ல இளம் பச்சையா, கெட்டியா, ஈரம் மினுங்குற மாதிரி இருந்தா உயிர் இருக்கு. பழுப்பாகி, நசுக்கினா கொழகொழன்னு வந்தா, இல்ல உள்ள ஒண்ணுமே இல்லாம சருகா நொறுங்கினா அந்தத் தண்டு போச்சு. மேல தோல் பாக்க ரெண்டும் ஒரே காவிதான், வெட்டினாதான் வித்தியாசம் தெரியும். ஒரே இடத்துல பாத்துட்டு முடிவு பண்ணிடாதீங்க, நல்ல வெயில் படுற இடம், நிழல் இடம், தாழ்வான இடம், ஆளுங்க நடக்குற இடம்னு பத்து இடத்துலயாவது பாக்கணும். பெர்முடாவும் ஜொய்சியாவும் மண்ணுக்குள்ளயும் தண்டு வச்சிருக்கும், அதனால மேல் தண்டு கருகியிருந்தாலும் ரெண்டு இன்ச் தோண்டிப் பாத்துட்டுதான் தீர்ப்பு சொல்லணும். செயின்ட் அகஸ்டினுக்கும் சென்டிபீடுக்கும் அந்தப் பாக்கியம் கிடையாது, அதுங்களுக்கு இருக்கிறதெல்லாம் தரை மேல ஓடுற தண்டு மட்டும்தான், அது போனா உள்ளேர்ந்து எழுந்து வர ஒண்ணும் இருக்காது. குளிரைத் தாங்குறதுலயும் ஜொய்சியா முன்னாடி நிக்கும், அடுத்து பெர்முடா, சென்டிபீடும் செயின்ட் அகஸ்டினும் பின்னாடி.

இதை விட நிச்சயமான சோதனை ஒண்ணு இருக்கு, அதுக்குப் பொறுமை மட்டும் வேணும். லான்ல சந்தேகமான இடங்கள்ல இருந்து நாலு இன்ச் அகலம், மூணு இன்ச் ஆழம் இருக்கிற மாதிரி மண்ணோட புல் துண்டுகளைப் பேத்து எடுத்து, அடியில ஓட்டை போட்ட டப்பாவுல வச்சு, எது எந்த இடத்துல எடுத்ததுன்னு மறக்காம எழுதி ஒட்டி, வீட்டுக்குள்ள வெயில் வர்ற ஜன்னல் ஓரமா வச்சு ஈரம் காயாம பாத்துக்குங்க. ரெண்டு மூணு வாரத்துல உயிர் இருக்கிறது பச்சை விட்டுடும், இல்லாதது விடாது. எட்டு டப்பா வச்சு அதுல ஏழு பச்சையாச்சுன்னா வெளிய கெடக்குற லானை நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், விட்டுட்டு வேற வேலை பாருங்க. எட்டுல ரெண்டுதான் வந்துச்சுன்னா பத்தைக்கு இப்பவே சொல்லி வைக்கலாம்.

எந்த இடத்துல போயிருக்குன்னு தள்ளி நின்னும் ஒருவாட்டி பாக்கணும், ஏன்னா அந்த உருவமே காரணத்தைச் சொல்லிடும். தண்ணி தேங்குற பள்ளத்துல மட்டும் போயிருந்தா, அடிக்குருத்து தண்ணியைக் குடிச்சு ஊறியிருந்த நேரத்துல திடீர்னு உறைஞ்சிருக்கு. சரிவா மேடா காத்து அடிக்கிற இடத்துல போயிருந்தா அது உறைஞ்சு சாகல, காய்ஞ்சு செத்திருக்கு, தூங்குற புல்லுக்கும் ஈரம் வேணும்ங்கிறதை நெறைய பேர் மறந்துடுறோம். நேர்க்கோடாவோ அடி வச்ச மாதிரியோ இருந்தா உறைபனி படிஞ்ச காலையில யாரோ மேல நடந்திருக்காங்க, அந்த நேரத்துல இலைக்குள்ள ஐஸ் இருக்கும், மிதிச்சா செல் கிழிஞ்சுடும். வட்ட வட்டமா, காம்பஸ் வச்சு வரைஞ்ச மாதிரி, ஒரு ஜாண்லேர்ந்து ஒரு முழம் வரைக்கும் பள்ளம் விழுந்த திட்டா இருந்தா மட்டும் ஜாக்கிரதை, பெர்முடாவுல அது ஸ்பிரிங் டெட் ஸ்பாட்னு ஒரு பூஞ்சை நோயா இருக்கும். அங்க வேரைப் பிடுங்கினா கருப்பா அழுகியிருக்கும், அடுத்த வருஷமும் அதே இடத்துலயே வரும். அதுக்கு மருந்து அடிக்கிற நேரம் வசந்தம் இல்ல, குளிருக்கு முன்னாடி மண்ணு ஆற ஆரம்பிக்கிறப்போதான், இப்ப அடிச்சா காசு தண்டம். ஜொய்சியா, சென்டிபீட், செயின்ட் அகஸ்டின்ல பெரிய வட்டத்தோட ஓரம் மட்டும் ஆரஞ்சு கலரா இருந்தா அது ரைசோக்டோனியா பூஞ்சை. பாய் மாதிரி சுருட்டிக்கிட்டு வந்துச்சுன்னா அடியில வண்டுப் புழு வேரைத் தின்னிருக்கான்னு பாருங்க.

இந்த யூரியா விஷயத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்ப வருத்தம் அதுலதான். தூங்கி எழுந்திருக்கிற புல்லு குளிர் பூரா சேத்து வச்ச மாவுச்சத்தைச் செலவு பண்ணித்தான் முதல் இலையை விடுது, அதே நேரத்துல பழைய வேர்ல ஒரு பெரிய பங்கு செத்து புது வேர் விடுற கட்டமும் பல வருஷம் வரும். கையிருப்பு கரைஞ்சு நிக்கிற அந்த நேரத்துல நைட்ரஜனைக் கொட்டினா வேரை விட்டுட்டு இலையைத் தள்ளும், பாக்க நல்லா இருக்கும். அப்புறம் ஒரே ஒரு ராத்திரி பனி திரும்ப வந்துச்சுன்னா, குளிரைத் தாங்குற பக்குவத்தை ஏற்கெனவே கழட்டிப் போட்ட இளம் குருத்தெல்லாம் அப்படியே போயிடும், திருப்பி எழறதுக்குச் சேமிப்பும் இருக்காது. நடுக் குளிர்ல சாகாத லான் வசந்தத்துல சாகுறது பெரும்பாலும் இப்படித்தாங்க. அதனால முழுசா பச்சையாகி, பனி பயமும் தீர்ந்து, ரெண்டு தடவையாவது மெஷின் ஓட்டினப்புறம்தான் உரம். அதுவும் ஒரு சதுர மீட்டருக்கு நைட்ரஜன் 5 கிராம் போதும், யூரியாவுல 46 சதவீதம் நைட்ரஜன், அப்போ 11 கிராம்தான் வருது, ஒரு கைப்பிடி கூட இல்ல. சென்டிபீடுக்கு அதையும் பாதியாக்கணும், அது கொஞ்சம் போட்டாலே நெறைய போட்ட மாதிரி பாதிக்கப்படுற புல்லு. தண்ணியும் அப்படித்தான், சில்லுன்னு இருக்கிற மண்ணை தினமும் நனைச்சுக்கிட்டே இருந்தா பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம்.

காத்திருக்கிற நாள்ல கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். மேல கெடக்குற சருகை லேசா வாரி எடுங்க, வெயில் மண்ணுல படட்டும். ரேக்கை அழுத்திப் பிறாண்டாதீங்க, புல்லுக்கு அடியில சேந்த நாரை இயந்திரம் வச்சு எடுக்குறதும் மண்ணுல ஓட்டை போடுறதும் இப்ப வேண்டாம், அரை உசுரா இருக்கிற தண்டு அதுல அறுந்துடும். களைக்கொல்லியில ரெண்டு ஆபத்து இருக்கு. விதை முளைக்கிறதுக்கு முன்னாடி போடுற மருந்து களை விதையை மட்டும் தடுக்காது, நீங்க தூவப் போற புல் விதையையும் நடப் போற தண்டுத் துண்டு, அதாவது கரணையோட வேரையும் சேத்து அமுக்கும், அதனால ரிப்பேர் பண்ண வேண்டி வரும்னு தோணுற இடத்துல அதைப் போடவே போடாதீங்க. இன்னொண்ணு கிளைஃபோசேட், பச்சையா இருக்கிற எதையும் கொல்ற மருந்து, புல்லு முழுசா தூங்குறப்போ சில பேர் களைக்காக அடிப்பாங்க, ஆனா அடியில ஒரு பச்சைக் குருத்து வந்திருந்தாலும் அது உள்ள போய் வேர் வரைக்கும் கொன்னுடும். களையைக் கையால பிடுங்கிடுங்க, நாலு நாள் முதுகு வலிக்கும், லான் பிழைச்சுக்கும்.

இதெல்லாம் பாத்து, லான்ல பாதிக்கு மேல பச்சையாகி, போன இடம் இதுதான்னு நிச்சயமானப்புறம் ரிப்பேர். உள்ளங்கை அளவு, முறத்து அளவு திட்டெல்லாம் பெர்முடாவுல நீங்க ஒண்ணும் செய்யத் தேவையில்ல, சுத்தி இருக்கிற புல்லே ஓடி வந்து மூடிக்கும், வெயில் காலம் பூரா இருக்கு அதுக்கு. ஜொய்சியா அப்படியில்ல, ரொம்ப மெதுவா நகர்ற புல்லு, ஒரு பருவம் முழுசா ஆகும், சில நேரம் ரெண்டு பருவம். அதுக்கு நல்லா இருக்கிற ஓரத்துலேர்ந்து ரெண்டு இன்ச் மூணு இன்ச் துண்டுகளா எடுத்து, அரை அடிக்கு ஒண்ணா போன இடத்துல குழி போட்டு வச்சு அழுத்திடணும். எடுத்த இடத்துல மண்ணைப் போட்டு நிரப்பிட்டா அதுவும் மூடிக்கும். கரணை வைக்கிறதுன்னா ரெண்டு மூணு கணு இருக்கிற தண்டாப் பாத்து எடுத்து, முக்கால்வாசி மண்ணுக்குள்ள போகணும், நுனி மட்டும் வெளிய தெரியணும். எடுத்த கரணையை ஈரச் சாக்குல சுத்தி வைங்க, வெயில்ல கெடந்தா கொஞ்ச நேரத்துலயே வதங்கிடும், அப்புறம் எத்தனை தண்ணி விட்டும் புண்ணியம் இல்ல.

விதை போடலாமான்னு நெறைய பேர் கேக்குறாங்க. சாதா பெர்முடாவுக்கு விதை உண்டு, தோல் நீக்கின விதைன்னா சதுர மீட்டருக்கு 5லேர்ந்து 10 கிராம், செத்த புல்லை முழுசா வாரி எடுத்து விதை மண்ணைத் தொடுற மாதிரி தூவி, கால் இன்ச்சுக்கு மேல மூடாம மிதிச்சு விடணும், மண்ணு நல்லா சூடானப்புறம் போட்டா ஒரு வாரத்துலேர்ந்து ரெண்டு வாரத்துக்குள்ள முளைக்கும். அது வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை கொஞ்சம் கொஞ்சமா தண்ணி தெளிக்கணும், மேல் மண்ணு ஒரு மத்தியானம் காய்ஞ்சாலும் முளை கருகிடும். ஆனா உங்களோடது டிஃப்வே 419 மாதிரி ஒட்டு ரகம்னா விதைக் கடையில போய் நிக்காதீங்க. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன்ல க்ளென் பர்ட்டன்னு ஒரு விஞ்ஞானி ரெண்டு வேற அருகு ஜாதி தானா கலந்து வந்த செடியைத் தேர்ந்தெடுத்து 1960ல வெளிய விட்ட ரகம் அது, அதுக்கு விதையே பிடிக்காது. உலகத்துல எங்க டிஃப்வே இருந்தாலும் அது தண்டு வழியாப் பரவினதுதான். அதுக்கு நடுவுல சாதா பெர்முடா விதையைத் தூவினா, இலை அகலமும் கலரும் வேறயா வந்து ஒட்டுப் போட்ட துணி மாதிரி காலத்துக்கும் தெரியும். செயின்ட் அகஸ்டினுக்கும் பத்தையோ துண்டோதான் வழி. எந்த ரகம்னு தெரியலன்னா கடையில வாங்குறதை விட சொந்த லானோட மூலையிலேர்ந்து வெட்டி எடுத்து வைக்கிறதுதான் சரி.

பத்தை போடுறவங்க அடி மண்ணை ரெண்டு மூணு இன்ச் கொத்தி விட்டு சமன் பண்ணிட்டு, ஓரத்தோட ஓரம் இடைவெளி இல்லாம சேத்து வச்சு, மேல நின்னு மிதிச்சு அழுத்தணும். ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஒரு மூலையைத் தூக்கிப் பாத்தா தெரிஞ்சுடும், வேர் விட்டிருந்தா வராது. ஆனா பள்ளத்துல தண்ணி நின்னுதான் போன வருஷம் செத்துச்சுன்னா, அந்தப் பள்ளத்தை நிரப்பாம மேல பத்தையைப் போட்டா அடுத்த வருஷமும் அதே இடத்துல அதே செலவு. நிழல் காரணம்னா கிளையைக் கழிச்சு வெளிச்சம் விடுங்க, அதுவும் முடியலன்னா அந்த இடத்துல புல்லை விட்டுட்டு நிழல்ல வளர்ற வேற செடி வைங்க, அங்க புல்லு வேணும்னு பிடிவாதம் பிடிச்சா நஷ்டம் நமக்குத்தான்.

அடுத்த குளிருக்கு இப்பவே ஒண்ணு ரெண்டு சொல்லிடறேன். முதல் உறைபனிக்கு ஆறு வாரம் முன்னாடியே நைட்ரஜனை நிறுத்திடணும், மண்ணைப் பரிசோதிச்சு பொட்டாசியம் குறைவா இருந்தா அதைச் சரி பண்ணணும், கடைசி சில வெட்டுல மெஷினோட உயரத்தைக் கொஞ்சம் ஏத்தி வைக்கணும். புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவுல நார் மெத்தை அரை இன்ச்சுக்கு மேல சேந்திருந்தா அதைக் கோடையிலயே எடுத்துடுங்க, ஏன்னா அது இருந்தா தண்டெல்லாம் மண்ணுல இறங்காம அந்த மெத்தையிலயே ஓடும், மண்ணு குடுக்குற கதகதப்பு அதுக்குக் கிடைக்காது. மழையில்லாத குளிர்னா கடும் பனி வர்றதுக்கு முந்தின நாள் ஒரு தண்ணி விடுறது ரொம்ப உதவும்.

ஆசிரியர் ஐயா, உங்க பேப்பரைப் படிச்சுட்டு இந்த வாரம் எத்தனை பேர் மண்வெட்டியை எடுத்தாங்களோ தெரியாது. எடுக்காதவங்களுக்காவது சேர்ற மாதிரி அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்க, அதே நாலு வரி போதும்: முதல்ல வெட்டிப் பாருங்க, டப்பாவுல வச்சுப் பாருங்க, மண்ணு சூடாகிற வரைக்கும் இருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க. பெரியவங்க அவசரத்துல அண்டாவுலயும் கை நுழையாதுன்னு சொல்லுவாங்க, மூணு வாரம் பொறுத்திருந்தா என்னோட பழைய லான் இன்னைக்கும் இருந்திருக்கும்.

என் ஜன்னல்ல இப்ப எட்டு டப்பா இருக்கு, உங்க குறிப்பு வர்றதுக்கு முன்னாடியே வச்சது, இன்னைக்கு பதினோராவது நாள். வெயில் படுற பக்கத்துலேர்ந்து எடுத்த நாலும் பச்சை விட்டுடுச்சு. சுவத்து நிழல்ல எடுத்த ரெண்டுல ஒண்ணுல மட்டும் காலையில பாத்தேன், காய்ஞ்ச இலைக்கு நடுவுல ஒரு முளை, குண்டூசித் தலை அளவுதான். தண்ணி தேங்குன இடத்து ரெண்டுலயும் ஒண்ணும் வரல, முகர்ந்து பாத்தா அழுகல் வாடை அடிக்குது. அந்த மூலைக்கு மட்டும் மண்ணு கொண்டு வந்து மேடாக்கச் சொல்லியிருக்கேன், மத்த இடத்துல யாரையும் கால் வைக்க விடல.

இப்படிக்கு,
உங்க தோட்டப் பக்கத்தோட நீண்ட நாள் வாசகன்